பின்னால் பாரம் ஒன்றுமில்லை

1. ஸ்குரூ டிரைவர்

பிக்கப்பை லிஃப்டில் ஏற்றிவிட்டு அடிச்சட்டத்தில் ஸ்குரூ டிரைவரால் ஒரு தட்டுத் தட்டினேன். நல்ல இரும்பென்றால் கணீரென்று சத்தம் வரும். இங்கே சத்தமே வரவில்லை. ஸ்குரூ டிரைவர் கைபிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. நான் அதை விட்டுவிட்டுக் கையை எடுத்தேன். அது அங்கேயே குத்திக்கொண்டு நின்றது.

ஒஸ்லோவில் குளிர்காலம் முழுக்க வீதிக்கு உப்புப் போடுவார்கள். அந்த உப்புக்கு வயதான பிக்கப்புகள் மீது தனி விருப்பம். மேலே பார்த்தால் பெயின்ட் மினுங்கும். கீழே பார்த்தால் அப்பளம். பழைய பிக்கப் வாங்குகிறவர்கள் எல்லோரும் மேலே பார்த்துத்தான் வாங்குகிறார்கள்.

இது இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. அல்னாப்ரூ பக்கத்தில் ஒரு சிறிய கராஜில் நான் மெக்கானிக். முதலாளி ஒத்வார், நொர்வேஜியர், பெரிய உடம்பு, குறைந்த பேச்சு. எங்களுடைய தமிழ் ஆட்களின் வாகனம் வந்தால் என்னிடம் தள்ளிவிடுவார். ‘உன்னுடைய ஆட்கள்’ என்பார். பில் வாங்கும்போது மட்டும் அவருடைய ஆட்களாகிவிடுவார்கள்.

பிக்கப்பைக் கொண்டுவந்தவர் மரியதாஸ். மன்னார்க்காரர். பஸ் ஓட்டுநர். புருசெத்தில் ஒரு அடுக்குமாடி புளொக்கில் மனைவி ஜெசிந்தாவோடும் மூன்று பிள்ளைகளோடும் இருந்தார். தமிழ்க் கடையில் சந்தித்து நாலு வார்த்தை கதைக்கிற பழக்கம் எனக்கும் அவருக்கும் இருந்தது. அந்த வருடங்களில் எங்கள் சனத்துக்குக் கரவன் மோகம் பிடித்திருந்தது. துரொண்ட்ஹெய்மில் ஒரு கலியாணம், பேர்கனில் ஒரு பிறந்தநாள் என்று ஓடுகிறவர்களுக்கு, வாகனத்தின் பின்னால் கொழுவி இழுத்துப் போகிற இந்தச் சக்கர வீடு இருந்தால் தங்குவதற்கு யாருடைய வீட்டுத் தரையையும் தேட வேண்டியதில்லை. மரியதாசும் ஒரு பழைய கரவனை வாங்கினார். அதை இழுக்க ஒரு பழைய டீசல் பிக்கப்பையும் வாங்கினார்.

பச்சை இலக்கத் தகடு போட்ட பிக்கப் அது. நொர்வேயில் இருக்கிறவர்களுக்குத் தெரியும், பச்சைத் தகடு என்றால் சாமான் ஏற்றுகிற வாகனம், வரி குறைவு. அதற்குப் பதிலாகப் பின் சீட் இருக்காது. முன்னால் இரண்டே இரண்டு சீட்.

“அண்ணை, இறக்கத்திலை கரவன் ஆட்டுது” என்றார் மரியதாஸ். “நாய் வாலை ஆட்டுற மாதிரி அங்கையும் இஞ்சையும் போகுது.”

“எங்கை ஆட்டினது?”

“துரொண்ட்ஹெய்மிலை இருந்து திரும்பி வரேக்கை. மலை கடந்து தொம்போசுக்கு இறங்கிற இடத்திலை. எனக்குக் கையெல்லாம் வேர்த்துப் போச்சு.”

“பின்னாலை பாரம் ஏத்தினனீரோ? அரிசி மூட்டை, சட்டி பானை?”

“இல்லை அண்ணை. பின்னாலை பாரம் ஒண்டுமில்லை.”

“வடிவா யோசிச்சுச் சொல்லும்.”

“சத்தியமா ஒண்டுமில்லை.”

பாரத்தை ஏன் கேட்டேன் என்று சொல்லிவிடுகிறேன். கரவனின் மூக்கு பிக்கப்பின் கொளுக்கியை எப்போதும் கொஞ்சம் அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். வால் பக்கத்தில் பாரம் கூடினால் மூக்கு மேலே எழும்பப் பார்க்கும். அப்படி எழும்பினால் இறக்கத்தில் வால் ஆடத் தொடங்கும். ஆடத் தொடங்கினால் நிறுத்துவது கடினம். சிலவேளை இழுக்கிற வாகனத்தையும் சேர்த்துப் பிரட்டிவிட்டுத்தான் நிற்கும்.

2. கீழே கண்டவை

சட்டத்தில் ஓட்டை இருந்த இடம் பின் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடத்துக்குக் கிட்ட. ஸ்பிரிங் பட்டைகளில் ஒன்று முறிந்திருந்தது. முறிவு பழையது. உள்ளே துரு ஏறியிருந்தது. அந்த முறிந்த பட்டையோடுதான் இந்த மனுசன் மலை ஏறி இறங்கியிருக்கிறார்.

பின் பிரேக்குக்குப் போகும் எண்ணெயின் அழுத்தத்தைப் பாரத்துக்கு ஏற்றபடி கூட்டிக் குறைக்கிற வால்வு ஒன்று பிக்கப்பில் உண்டு. அது இறுகிப் போயிருந்தது. சுத்தியலால் தட்டியும் அசையவில்லை. பிரேக் எண்ணெய் கோப்பி நிறம். அந்த எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூட்டில் கொதிக்கும். கொதித்தால் பெடல் நிலம் வரைக்கும் போகும், வாகனம் நிற்காது. இதைப் பழகுநர்களுக்குச் சொன்னால் தலையாட்டுவார்கள். ஒரு தரம் தாங்களே மிதித்துப் பார்த்தால்தான் நம்புவார்கள்.

இவ்வளவும் பார்த்துவிட்டுக் கரவனுக்குப் போனேன். அங்கே இருந்தது இதைவிட மோசம்.

கொளுக்கியின் உருண்டையைக் கவ்விப் பிடிக்கும் கிண்ணம் தேய்ந்து போயிருந்தது. பூட்டியபின் கையால் தூக்கிப் பார்த்தேன். கடகடவென்று ஆடியது. ஒரு பெரிய குழியில் துள்ளியிருந்தால் கழன்று போயிருக்கும். கழன்றால் கரவனின் பிரேக்கைத் தானே இழுத்துப் பிடிக்க மெல்லிய கம்பிக் கயிறு ஒன்று உண்டு. அதைப் பிக்கப்பில் மாட்ட வேண்டும். மரியதாஸ் அதை மாட்டவில்லை. றோட்டில் அரைபடுகிறது என்று சுருட்டி, உடுப்புக் காயப்போடும் கயிற்றால் கரவனோடேயே வடிவாகக் கட்டி வைத்திருந்தார்.

கரவனுக்கென்று தனிப் பிரேக் உண்டு. பிக்கப் வேகம் குறைக்கும்போது கரவன் பின்னாலிருந்து தள்ளும். அந்தத் தள்ளலில் ஒரு தண்டு உள்ளே போய்ப் பிரேக்கைப் பிடிக்கும். தண்டு துருப்பிடித்து ஒட்டிப் போயிருந்தது. அதாவது கரவனுக்குப் பிரேக்கே இல்லை.

ஒத்வாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடியும் குனிந்தார்.

“இது எப்படி ஒஸ்லோ வரைக்கும் வந்தது?” என்று கேட்டார்.

“மாதாவின் கிருபை” என்றேன். நான் சைவக்காரன், என்றாலும் அந்த நேரத்தில் வேறு பதில் இருக்கவில்லை.

3. ஆடாத கரவன்

அந்தக் கிழமை முழுவதும் அதுதான் வேலை. சட்டத்துக்குத் தகடு வெட்டி வெல்ட் பண்ணினேன். புது ஸ்பிரிங், புது வால்வு, புது எண்ணெய். கரவனுக்குப் புதுக் கிண்ணம், புதுத் தண்டு. பிக்கப்பின் நாலு டயரில் இரண்டின் பக்கச்சுவர் வெடித்திருந்தது, அவற்றையும் மாற்றினேன். மரியதாஸ் எல்லாவற்றுக்கும் “ஓம் அண்ணை, செய்யுங்கோ” என்றார். அவருக்கு அவசரம். வருகிற ஞாயிற்றுக்கிழமை துரொண்ட்ஹெய்மில் தங்கையின் மகளுக்குத் தேவாலயத்தில் முதல் நன்மை வாங்கும் சடங்கு. வெள்ளி பின்னேரமே வெளிக்கிட வேண்டும்.

வியாழக்கிழமை கரவனின் மூக்குப் பாரத்தை நிறுத்துப் பார்த்தேன். அதற்கு விசேட கருவி ஒன்றும் வேண்டாம். குளியலறையில் ஏறி நின்று கவலைப்படுகிற தராசும் ஒரு மரத்துண்டும் போதும். பாரம் சரியாக இருந்தது. கரவனைக் கொழுவிக்கொண்டு பெரிய பாதையில் போய் வந்தேன். நூல் பிடித்த மாதிரி நேராக வந்தது. வேண்டுமென்றே ஸ்டியரிங்கைக் கொஞ்சம் வெட்டியும் பார்த்தேன். ஆடவில்லை.

“சரியாகிவிட்டது” என்றேன் ஒத்வாரிடம்.

“எது சரியாகிவிட்டது?”

“ஆட்டம்.”

“எதனால் ஆடியது?”

தேய்ந்த கிண்ணம் கடகடக்கும். ஒட்டிப்போன தண்டு இடிக்கும், தள்ளும். இரண்டும் ஆபத்தானவை. ஆனால் வாலாட்டுவதற்குப் பின்னால் பாரம் வேண்டும். அது ஒத்வாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

“காரணம் தெரியாமல் சாவியைக் கொடுக்காதே” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்குக் கோபம் வந்தது. ஒரு கிழமை காருக்குக் கீழே கிடந்தவன் நான், கேள்வி கேட்டுவிட்டுப் போகிறவர் அவர். ஆனாலும் மனுசன் சொன்னது சரி.

4. ஒரு வயர்

வெள்ளி காலை, பிக்கப்பிலிருந்து கரவனுக்கு மின்சாரம் கொண்டுபோகும் பிளக்கைச் சோதிக்கும்போது ஒரு வயர் கூடுதலாக இருப்பதைக் கண்டேன். லைட்டுகளுக்கான வயர்கள் எல்லாம் தடித்த குழாய்க்குள் ஒன்றாகப் போகும். இது தனியாக, மெல்லியதாக, வீட்டுக் கதவு மணிக்குப் போடுகிற வயர். கறுப்பு டேப் சுற்றிக் கரவனின் அடியால் பின்னுக்குப் போனது. ஏதோ றேடியோ வேலை என்று நினைத்தேன். அந்த நாட்களில் எங்கள் ஆட்கள் வாகனத்தில் முதலில் திருத்துவது றேடியோவைத்தான்.

வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். கரவனின் கடைசியில், பெரிய கட்டிலுக்குப் பக்கத்தில், தரையைத் துளைத்துக்கொண்டு மேலே வந்தது. கட்டில் விளிம்பில் ஒரு வெள்ளைப் பட்டன் பூட்டியிருந்தது. உட்கார்ந்திருக்கும் சின்னப் பிள்ளைக்குக் கையெட்டும் உயரம். பக்கத்தில் யன்னல் சட்டத்தில் பழைய சேலைத்துண்டுகள் முறுக்கிக் கட்டப்பட்டிருந்தன. மெத்தையைக் கட்டி வைக்க என்று நினைத்திருந்தேன். கிட்டப் போய்ப் பார்த்தபோது அவை இடுப்பைச் சுற்றிக் கட்டுகிற அளவில் இருந்தன. மூன்று இருந்தன.

பட்டனை அழுத்தினேன். ஒரு சத்தமும் இல்லை.

மற்றப் பக்கம் போய் வயரைத் தேடினேன். பிக்கப்பின் ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சின்ன பஸர், பக்கத்தில் ஒரு சுவிட்ச். சுவிட்ச் ஓஃபில் இருந்தது. ஓனில் போட்டுவிட்டு ஒத்வாரைக் கூப்பிட்டு, உள்ளே போய்ப் பட்டனை அழுத்தச் சொன்னேன். பஸர் என் முழங்காலுக்கு மேலே கத்தியது. அவர் இரண்டாம் தரம் அழுத்தினார்.

“வேலை செய்கிறதா?” என்று கரவனுக்குள்ளிருந்து கேட்டார். “எதற்கு இது?”

அவருக்கு அது விளங்காது. இலங்கையில் பஸ்ஸில் போய் வந்தவனுக்கு ஒரு நொடியில் விளங்கிவிடும். ஒரு பெல் என்றால் நில், இரண்டு பெல் என்றால் போ. கொண்டக்டர் கயிற்றை இழுத்தால் சாரதிக்குக் கேட்கும். மரியதாஸ் நொர்வேயில் பஸ் ஓட்டுகிற மனுசன். கரவனுக்குள்ளும் ஒரு பஸ் ஓட்டியிருக்கிறார்.

முன்னால் இரண்டு சீட். வீட்டில் ஐந்து பேர். பின் கட்டிலில் மூன்று சேலைத்துண்டு. இதுதான் அந்தப் பாரம். தொம்போஸ் இறக்கத்தில் வாலை ஆட்டியது ஜெசிந்தாவும் மூன்று பிள்ளைகளும் இருந்த பாரம். கழன்று விழக் காத்திருந்த கிண்ணத்தில், பிரேக் இல்லாத கரவனில், பாதுகாப்புக் கயிற்றைக் கட்டி வைத்துவிட்டு.

பிக்கப்பின் படியிலேயே குந்திவிட்டேன். ஒத்வார் வந்து பார்த்தார். நான் சொன்னேன். அவருடைய முகத்தில் இரத்தம் இல்லாமல் போனதை அன்றைக்குத்தான் முதல் தரம் கண்டேன்.

“நீ கதை” என்றார். “ஆனால் ஓடுகிற கரவனுக்குள் ஆட்கள் இருப்பது சட்டத்துக்கு விரோதம். அந்த மனிதன் குடும்பத்தை அதற்குள் ஏற்றினால் நான் பொலிசுக்குப் போன் எடுப்பேன். அதையும் சொல்.”

5. கோப்பி அறை

பின்னேரம் மரியதாஸ் வந்தார். ஜெசிந்தாவும் கூட வந்தாள். பிள்ளைகள் பக்கத்து வீட்டில். அவள் கையில் ஒரு பெட்டி நிறைய, மீன் வைத்துப் பொரித்த பற்றிஸ்.

“அண்ணை, உங்களுக்கும் முதலாளிக்கும். கிழமை முழுக்கக் கஷ்டப்பட்டிருப்பீங்கள்” என்றாள்.

அந்தப் பெட்டியை வாங்கி மேசையில் வைத்தேன். இரண்டு பேரையும் கோப்பி அறைக்குள் இருத்தினேன். ஒத்வார் கதவடியில் நின்றார். தமிழ் விளங்காது, ஆனாலும் நகரவில்லை.

“மரியதாஸ், பின்னாலை பாரமில்லை எண்டு சொன்னனீர்” என்றேன்.

“ஓம்.”

“மனுசியும் பிள்ளையளும் எங்கை இருந்தவை?”

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் மேசையைப் பார்த்தாள்.

“அண்ணை, அது பாரமே? சின்னப் பிள்ளையள். முன்னுக்கு இடமில்லை. நான் பஸ் ஓடுறவன், எனக்குத் தெரியாதே? மெதுவாத்தான் வந்தனான். பெல் பூட்டி வைச்சிருக்கிறன். ஏதும் எண்டால் அடிப்பினம்.”

“நான் அந்தப் பெல்லைக் கண்டனான்.”

“எப்பிடி? நல்லா வேலை செய்யுதோ?” அவருடைய குரலில் ஒரு சின்னப் பெருமை கூட இருந்தது. பிறகு குரலை இறக்கினார். “ஆக்களுக்குச் சொல்லிப் போடாதேங்கோ அண்ணை. நாங்கள் தமிழாக்கள். காட்டிக் குடுக்கக் கூடாது.”

“காட்டிக் குடுக்கிறதோ? நாலு உசிர் ஐசே! அந்தக் கொளுக்கி எந்த நிலையிலை இருந்தது எண்டு தெரியுமோ?” நான் சத்தம் போட்டுவிட்டேன். கழற்றிய பழைய கிண்ணத்தை எடுத்துவந்து மேசையில் வைத்தேன். உருண்டையையும் வைத்து ஆட்டிக் காட்டினேன். மரியதாஸ் அதைக் கையில் எடுத்து விரலை உள்ளே விட்டுப் பார்த்தார். தொழில் தெரிந்த மனுசன். நான் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவருடைய நெற்றியில் வேர்வை வந்தது.

நான் அடுத்ததைக் கேட்டது ஒரு மெக்கானிக்கின் கேள்வியாகத்தான். வேறு எண்ணம் இருக்கவில்லை.

“பெல்லின்ரை சுவிட்ச் ஏன் ஓஃபிலை கிடந்தது?”

“அதோ?” என்றார். “பிள்ளையள் சும்மா சும்மா அடிச்சுக்கொண்டு வந்ததுகள். ஐஸ்கிரீமுக்கு ஒருக்கா, பாட்டு மாத்தச் சொல்லி ஒருக்கா. றோட்டைப் பாக்க விடுதில்லை. அதுதான் ஓஃப் பண்ணினனான்.”

“எப்ப ஓஃப் பண்ணினீங்கள்?” இது ஜெசிந்தா. அவள் மேசையிலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

“வரேக்கைதான். ஒப்டாலிலை நிண்டு தேத்தண்ணி குடிச்சிட்டு வெளிக்கிட்ட உடனை.”

“தொம்போசுக்கு முதலோ, பிறகோ?”

“முதல்.”

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாக அல்ல. கணக்கு ஒன்று பிழைத்துப்போனதைத் திரும்பச் சரிபார்க்கிற மாதிரி.

“அந்த இறக்கத்திலை நான் அடிச்சனான்” என்றாள். “பிள்ளையள் இல்லை. நான். அலுமாரி திறந்து கோப்பை பீங்கான் எல்லாம் எங்களுக்கு மேலை வந்தது. சின்னவள் கட்டு அவிண்டு கீழை போயிட்டாள். ஒரு கையாலை அவளைப் பிடிச்சுக்கொண்டு மற்றக் கையாலை பட்டனை அமத்தினனான். விடேல்லை. அமத்தினபடியே இருந்தனான்.”

“நீர் எனக்குச் சொல்லேல்லையே” என்றார் மரியதாஸ்.

“உங்களுக்குக் கேட்டதெண்டுதானே நினைச்சன். இறக்கத்திலை நிப்பாட்ட இடமில்லையாக்கும் எண்டு நினைச்சன். நாங்கள் அடிக்க அடிக்க உங்களுக்கு எவ்வளவு பதட்டமாயிருக்கும், அந்தப் பதட்டத்திலை ஸ்டியரிங்கை வெட்டிப் போட்டீங்கள் எண்டால் எண்டு நினைச்சன். கடைசியிலை பாவம் எண்டுதான் கையை எடுத்தனான்.”

ஒத்வார் என்னைப் பார்த்து என்ன என்று தலையசைத்துக் கேட்டார். அந்த நேரத்தில் அதை இன்னொரு மொழியில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“கேட்டிருந்தா நிண்டிருப்பன்” என்றார் மரியதாஸ்.

“தெரியும்” என்றாள் அவள்.

அவர் அந்தத் தேய்ந்த கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதார். ஒத்வார் கதவடியை விட்டு உள்ளே வந்து, மூன்று கோப்பைகளில் கோப்பி ஊற்றி வைத்துவிட்டு வெளியே போனார்.

அன்று இரவே ஐந்து பேரும் ரயிலில் துரொண்ட்ஹெய்முக்குப் போனார்கள். பிக்கப்பும் கரவனும் எங்கள் முற்றத்திலேயே நின்றன. திரும்பி வந்த பிறகு மரியதாஸ் பிக்கப்பை விற்றார். ஐந்து சீட் உள்ள ஒரு பழைய ஸ்டேஷன் வேகன் வாங்கினார். அதற்குக் கொளுக்கி பூட்டியதும் நான்தான். கரவனை வைத்திருந்தார்கள். அந்த வயரை அவரே வந்து உருவி எடுத்துக்கொண்டு போனார். நான் உதவிக்குப் போகவில்லை.

6. இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு

பழைய பிக்கப்பால் கரவன் இழுக்கப் போகிறேன் என்று ஒருவர் வந்தால் சட்டத்தைத் தட்டிப் பாருங்கள். பிரேக் எண்ணெயின் நிறத்தைப் பாருங்கள். கிண்ணத்தைத் தூக்கி ஆட்டுங்கள். தண்டைத் தள்ளிப் பாருங்கள். கம்பிக் கயிறு எங்கே மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். இதெல்லாம் எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித் தருவார்கள்.

சொல்லித் தராத ஒன்று உண்டு. எங்கள் ஆட்களிடம் “பின்னாலை பாரம் என்ன?” என்று கேட்டால், அரிசி மூட்டையைத்தான் நினைப்பார்கள். பொய் சொல்ல மாட்டார்கள். பெண்டாட்டி பிள்ளைகளைப் பாரம் என்று யாரும் நினைப்பதில்லை. ஆகையால் வீட்டில் எத்தனை பேர், சீட் எத்தனை, எல்லோரும் எப்படிப் போகிறீர்கள் என்று முகத்துக்கு நேரே கேளுங்கள். நான் அதற்குப் பிறகு எல்லோரிடமும் கேட்டேன். நீ என்ன பொலிசோ என்று திட்டியவர்கள் உண்டு. ஒருவர் வாகனத்தைத் திருப்பிக்கொண்டு போயே விட்டார். நான் கவலைப்படவில்லை.

பெரிய விபத்துகள் சில எனக்குத் தெரியும். பிய்ந்துபோன வாகனங்களைக் கட்டி இழுத்தும் வந்திருக்கிறேன். அவை மறந்துவிடும். அந்த இறக்கத்தில் ஜெசிந்தா பட்டனிலிருந்து கையை எடுத்தது பயம் போனதால் அல்ல, புருசன் மேல் இரக்கப்பட்டு. அது மட்டும் இன்றைக்கும் மறக்கவில்லை.